தண்ணி வாரம்

சவுரிமுத்து வீட்டுக்குத் தண்ணி வாரம் வந்துவிட்டால் எங்கள் தெருவுக்கே தெரிந்துவிடும். அவன் பெண்டாட்டி செல்வமேரி விடிவதற்கு முன்பே குடத்தைத் திட்டிக்கொண்டு அடிபம்புக்குப் போவாள். குடம் என்ன பாவம் செய்தது என்று யாராவது வாயைக் கொடுத்தால் அவர்களுக்கும் சேர்த்து விழும். அடுத்த வாரம் தீனி வாரம். அப்போது அவளைப்போலத் தங்கமானவள் பொழிச்சலூரிலேயே கிடையாது. என் வீட்டு வாசலில் குந்தி, வெற்றிலை போட்டுக்கொண்டு, ஊர்க்கதை எல்லாம் பேசிவிட்டுப் போவாள்.

குதிரைகளுக்கான இந்த வார முறையை ஏற்படுத்தியவர் விறகுத்தொட்டி வேதாசலம். அவருடைய விறகுக் கடைக்குப் பின்னால், கீரைப்பாத்திக்குப் பக்கத்தில் இருந்த கொட்டகையில்தான் இரண்டு குதிரைகளும் நின்றன. வாடகை என்று அவர் எதுவும் கேட்கவில்லை. குதிரை லத்தி கீரைக்கு உரமானால் போதும் என்றுவிட்டார். லில்லி சவுரிமுத்துவின் குதிரை. ஜானி அவன் கூட்டாளி தனசிங்கின் குதிரை. இரண்டும் வெள்ளை. இரண்டு பேரும் சேர்ந்து ஒரு பழைய சாரட்டு வண்டியை வாங்கி, பல்லாவரத்திலிருந்து கூடுவாஞ்சேரி வரைக்கும் மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு ஓட்டினார்கள். சாரட்டுக்கு ஜோடிக் குதிரை வேண்டும். ஒற்றைக் குதிரை பூட்டினால் மாப்பிள்ளை ஏறமாட்டான். ஏறினாலும் மாமியார்க்காரி இறக்கிவிடுவாள். ஒரு குதிரைக்கு ஒன்று ஆனால் இரண்டு வீட்டிலும் அடுப்பு எரியாது.

இது தெரிந்தும் சண்டை போட்டார்கள். சவுரிமுத்து லில்லிக்கு மட்டும் திருட்டுத்தனமாக வெல்லம் ஊட்டுகிறான் என்று தனசிங்குக்குச் சந்தேகம். தனசிங்கு ஜானிக்குத் தவிட்டை அள்ளிப் போடுகிறான், லில்லிக்குத் தடவிப் போடுகிறான் என்று சவுரிமுத்துவுக்குச் சந்தேகம். ஒருநாள் சாட்டையைத் தூக்கிக்கொண்டு நின்றார்கள். அப்போதுதான் வேதாசலம் நடுவில் வந்தார்.

"தண்ணி ஒரு வூடு, தீனி ஒரு வூடு. ஞாயித்துக்கிழம அவங்கவங்க கோயிலு முடிச்சிகினு வந்ததும் மாத்திக்கோங்க. தண்ணிக்காரன் தீனியத் தொடக்கூடாது, தீனிக்காரன் தண்ணியத் தொடக்கூடாது. தீனி போடறவன்தான் லத்தியும் அள்ளணும். வேலையில பாதி செய்யிற வூட்டுக்குத்தான் சவாரியில பாதி. இன்னா சொல்றீங்க?"

சத்தியம் செய்ய பைபிளைக் கொண்டுவரச் சொன்னார். சவுரிமுத்து கத்தோலிக்கன், தனசிங்கு புராட்டஸ்டண்ட். யார் வீட்டுப் பைபிள் என்பதில் இன்னொரு சண்டை வந்தது. கடைசியில் லில்லியின் முதுகில் ஒருவனும் ஜானியின் முதுகில் ஒருவனும் கைவைத்துச் சத்தியம் செய்தார்கள். அதற்குப் பிறகு சண்டை இல்லை. என்னைக் கேட்டால் பேச்சும் அதிகம் இல்லை. முறை வந்த இடத்தில் பேச்சுக்கு என்ன வேலை?

தொண்ணூற்று மூன்றாம் வருஷம், வெயில் ஏற ஆரம்பித்த நேரம். கூடுவாஞ்சேரியில் ஒரு கல்யாணம் முடிந்து திரும்பும்போது, ஜி.எஸ்.டி. ரோட்டில் ஒரு லாரி சாரட்டை உரசிக்கொண்டு போனது. குதிரைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. தனசிங்கு குதித்துவிட்டான். சவுரிமுத்துவுக்கு இடுப்பெலும்பு போய்விட்டது. மூங்கில் பத்தை வைத்துக் கட்டி, கட்டிலில் கிடத்திவிட்டார்கள். புரண்டு படுக்கக்கூட செல்வமேரி வரவேண்டும்.

வண்டி நிற்கவில்லை. தனசிங்கு தனியாக ஓட்டினான், சவாரியில் பாதியை ஒழுங்காகக் கொண்டுவந்து கொடுத்தான். ஆனால் பாதி வேலை செய்கிற வீட்டுக்குத்தானே பாதி? அந்தப் பாதி வேலை இப்போது செல்வமேரியின் தலையில்.

தீனி வாரத்தைச் சமாளித்துவிட்டாள். புல்லுக்கட்டை உதறிப் போடுவது, கொள்ளும் தவிடும் கலந்து வைப்பது, லத்தி அள்ளுவது எல்லாம் மாட்டுக்குச் செய்து பழகிப்போன வேலைதான். தண்ணி வாரம்தான் அவளைக் கொன்றது. அந்தக் கோடையில் மெட்ராஸ் முழுக்கத் தண்ணீர்ப் பஞ்சம். கொட்டகைக் கிணறு வற்றிவிட்டது. பம்மல் பக்கத்துக் கிணறுகளில் தோல் பதனிடும் ஷாப்புகளின் கழிவுத் தண்ணீர் கலந்து, குதிரை முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். மிச்சம் இருந்தது ஒரே ஒரு அடிபம்பு. அதுவும் பத்து அடி அடித்தால் இருமிவிட்டு ஒரு கை தண்ணீர் துப்பும். குதிரைக்குத் தண்ணீர் பிடிக்கிறவளை வரிசையில் நிற்பவர்கள் சும்மா விடுவார்களா? மனுசருக்கே இல்லை, குதிரைக்குக் கேக்குதா என்பார்கள். அவள் திருப்பிக் கொடுப்பாள். இடுப்பில் ஒரு குடம், கையில் ஒரு வாளி என்று நடை நடையாக நடந்து கல்தொட்டியை நிரப்புவாள். வெயிலுக்கு லில்லி ஒரு மூச்சில் தொட்டியைக் காலிசெய்துவிட்டு இன்னும் எங்கே என்று பார்க்கும்.

தனசிங்குக்குத் தண்ணி வாரம் வந்தால் டிரைசைக்கிளில் டிரம்மை ஏற்றி, பொழிச்சலூரைத் தாண்டி யார் தோட்டத்திலோ கேட்டு நிரப்பிக்கொண்டு வருவான். அவளுக்கு டிரைசைக்கிள் மிதிக்க வராது.

ஒருநாள் கொட்டகையிலேயே அவனிடம் கேட்டாள். நான் கீரை வாங்கப் போயிருந்தேன்.

"அண்ணா, இந்தக் கோடைக்கு மட்டும் மாத்திக்கலாம். ரெண்டு வூடும் தெனம் பாதிப் பாதி தண்ணி கொண்டாறலாம். தீனியும் பாதிப் பாதி. என்னால முடிலண்ணா. இடுப்பு ஒடிஞ்சது அவுரு, ஒடியறது என்து."

தனசிங்கு ஜானியின் கழுத்தைத் தேய்த்துக்கொண்டே இருந்தான். கெட்டவன் இல்லை. அதைச் சொல்லித்தான் ஆகவேண்டும்.

"எனக்கும் தெரியுதும்மா. ஆனா முறைய மாத்தினா, நாளைக்கு மச்சான் எழுந்து வந்து, நான் படுத்திருந்தப்ப தனசிங்கு என் பொண்டாட்டிய ஏமாத்திட்டான்னு சொல்லுவான். அவன் வாய் உனக்குத் தெரியாதா?"

"அவுரு ஒண்ணியும் சொல்ல மாட்டாரு."

"சொல்லுவான். முறைன்னா முறைதான், மேரிம்மா. நான் ஒரு வாளிகூட உன்னை ஏமாத்தினதில்ல. நீயும் ஏமாத்தாத. அவ்வளவுதான்."

"நான் எங்கண்ணா ஏமாத்தினேன்?"

"ஏமாத்தினேன்னு சொன்னேனா?"

அவன் சம்சாரம் தபீதாள் அங்கேதான் நின்றுகொண்டிருந்தாள். "டிரைசைக்கிள வேணா எடுத்துக்கங்க அக்கா" என்றாள். நல்ல மனசோடுதான் சொன்னாள். செல்வமேரிக்கு அது குத்திக்காட்டுவது போல் இருந்தது. அன்றைக்கு வீட்டுக்கு வந்து புருஷனிடம் புலம்பினாள். அவனாவது ஆறுதல் சொன்னானா?

"அவங்கிட்ட போயி ஏன் கேட்ட? ஒரு வாரம் முடிலன்னு சொல்லிட்டீன்னா, லில்லிய என்கிட்ட குடுத்துடுன்னு வந்து நிப்பான். நான் எழுந்து நடக்கற வரைக்கும் பல்லக் கடிச்சிகினு செய்."

"எப்ப எழுந்து நடப்ப?"

சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்ளக்கூட அவனால் முடியாது. கண்ணை மூடிக்கொண்டான்.

வைகாசி பிறந்தும் ஒரு பொட்டு மழை இல்லை. ஒரு சனிக்கிழமை. செல்வமேரியின் தண்ணி வாரம் மறுநாளோடு முடிகிறது. சாயங்காலம் புருஷனுக்குக் கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தபோது அவன் சொன்னான்.

"நாளைக்கிப் பூசைக்குப் போறதுக்கு முன்னால தொட்டிய ரொப்பி வச்சிட்டுப் போ."

"இன்னாத்துக்கு? நாளைக்கி அவுங்க வாரம்."

"நம்ம கோயிலு காலைலயே வுட்டுடும். அவுங்க ஆராதன முடிய லேட்டாவும். நாளைக்கி சபை ஆண்டு விழா வேற, சாப்பாடு போடுவாங்க. அது வரைக்கும் குதிர தண்ணி இல்லாம நிக்கும். நான் எப்பவும் ரொப்பிட்டுத்தான் போவேன்."

"எப்பவுமா? அது நம்ம கணக்குல சேராதே."

"சேராது."

"அவுரு வாரம் முடியறப்ப நமக்கு அது மாதிரி செய்யறாரா?"

"அவனுக்கு அந்த அவசியமே வராதுடீ. நாமதான் சீக்கிரம் வந்துடறமே."

"அப்ப நமக்கு மட்டும் இன்னா தலயெழுத்து? யாரு கேட்டாங்க உன்ன?"

"யாரும் கேக்கல. லில்லி நிக்கும், அதான்."

செல்வமேரி கஞ்சிக் கிண்ணத்தைத் தரையில் வைத்தாள். "ஒரு வாளி ஏமாத்தாதன்னு சொன்னாரே உன் மச்சான். நான் ஏமாத்த மாட்டேன். ஏமாறவும் மாட்டேன். பூசை வுட்டா என் தண்ணி வாரம் முடிஞ்சுது."

மறுநாள் விடியற்காலையில் வழக்கமாகக் காட்டும் தண்ணீரைக் காட்டினாள். தொட்டியில் மிச்சம் வைக்கவில்லை. குளித்து, நல்ல புடவை கட்டி, பூசைக்குப் போனாள். வரும்போது என் வீட்டு வாசலில் நின்று, "இன்னிக்கி என் குடத்துக்கு லீவு" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன்.

வீட்டுக்குப் போய் புருஷனைத் துடைத்துவிட்டு, கொட்டகைக்குப் போனாள். இனி அவள் தீனிக்காரி. தனசிங்கு இன்னும் வரவில்லை. தொட்டி காய்ந்து கிடந்தது. தகரக் கூரைக்குக் கீழே வெயில் இறங்கி, இரண்டு குதிரைகளும் தலையைத் தொங்கவிட்டு நின்றன. லில்லி தொட்டியின் அடியை நக்கியது. அவளைப் பார்த்துக் கனைத்தது. அவள் கையில் இருக்கும் வாளியைத் தெரியும் அதற்கு. அன்றைக்கு வாளி இல்லை.

எனக்கு இதையெல்லாம் அவளே பிறகு சொன்னாள். வீட்டில் குடிக்க வைத்திருந்த ஒரு குடம் தண்ணீர் இருந்ததாம். போய் எடுத்து வரலாமா என்று வாசல் வரைக்கும் நடந்தாளாம். அப்போது அவள் மனசில் ஓடியது இதுதான்: வரட்டும். ஆண்டு விழாச் சாப்பாடு முடித்துவிட்டு, வெள்ளைச் சட்டையோடு வந்து, இந்த வெயிலில் ஒருதரம் தூக்கட்டும். தொட்டி காய்ந்தால் எப்படி இருக்கும் என்று பார்க்கட்டும். முறைன்னா முறைதான் என்று சொன்ன வாய்தானே.

தண்ணீரைத்தான் தொடக்கூடாது, தீனியைப் போடாவிட்டால் அவள் முறை தவறியவளாகிவிடுவாள். அதை அவள் விடுவாளா? மதியம் தீனி நேரம் வந்ததும் கொள்ளையும் தவிட்டையும் எடுத்தாள். கொள்ளை ஊறவைத்துத்தான் போடவேண்டும். ஊறவைக்கத் தண்ணீர் தண்ணிக்காரன் கொண்டு வரவேண்டும். தண்ணீர் காட்டிய பிறகுதான் தீனி என்பதும் குதிரை வைத்திருக்கிற வீட்டில் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். அவளுக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்துதான், ஊறாத கொள்ளைத் தவிட்டோடு கலந்து இரண்டு தீனித்தொட்டியிலும் சரிபாதியாகப் போட்டாள். ஜானி ஒரு நவாபு. முகர்ந்து பார்த்துவிட்டு விட்டுவிட்டது. லில்லி வாய் காய்ந்திருந்தாலும் பசி பொறுக்காத ஜென்மம். மென்று மென்று தின்று முடித்தது.

அவள் வீட்டுக்கு வந்து புருஷனுக்குச் சோறு ஊட்டினாள்.

வெயில் சாயும் நேரத்துக்கு தனசிங்கு வந்தான். சர்ச்சிலிருந்து நேரே வந்தவன், குதிரைகள் நிற்கிற நிலையைப் பார்த்துப் பதறிவிட்டான். சட்டையைக்கூடக் கழற்றாமல் டிரம்மை ஏற்றிக்கொண்டு பறந்து போய், தண்ணீரோடு வந்தான். வாளி வாளியாக ஊற்றினான். லில்லி தொட்டியிலிருந்து தலையை எடுக்கவே இல்லை. "குடி தாயே, குடி" என்று அதன் பிடரியைத் தடவிக்கொண்டு நின்றானாம். தீனித்தொட்டியை அவன் பார்க்கவில்லை. அது அவன் வேலை இல்லையே.

வாளிச் சத்தம் செல்வமேரிக்குக் கேட்டது. இப்போது தெரியட்டும் என்று நினைத்தாள். உள்ளே போயிருக்கிற உலர்ந்த கொள்ளு தண்ணீர் பட்டால் வயிற்றுக்குள் ஊதும் என்பது அப்போது அவளுக்கு ஞாபகம் வரவில்லை. வந்திருந்தால் ஓடியிருப்பேன் என்று என்னிடம் அழுதாள். நான் நம்புகிறேன்.

கொஞ்ச நேரத்தில் லில்லி முன்னங்காலால் தரையைப் பறித்தது. திரும்பித் திரும்பி வயிற்றைப் பார்த்தது. பிறகு படுத்துப் புரண்டது. தனசிங்கின் கூச்சல் கேட்டு நாங்கள் எல்லோரும் ஓடினோம். வயிறு உப்பிக்கொண்டு வந்தது. ஓமமும் பெருங்காயமும் கரைத்து மூங்கில் குழாயில் ஊற்றினார்கள். படுக்கவிடக்கூடாது என்று தனசிங்கு கயிற்றைப் பிடித்து இழுத்து நடக்கவைத்தான். வேதாசலம் மாட்டு டாக்டரைத் தேடி ஆள் அனுப்பினார். ஞாயிற்றுக்கிழமை, டாக்டர் ஊரில் இல்லை. செல்வமேரி மறுபக்கம் கழுத்தைக் கட்டிக்கொண்டு நடந்தாள். ஏரோப்ளேன் ஒன்று தலைக்கு மேல் தாழ்வாக இறங்கிப் போனது. அது போய் முடிந்தபோது லில்லி கீரைப்பாத்தி ஓரத்தில் விழுந்துவிட்டது. விளக்கு வைக்கிற நேரத்துக்கு முடிந்துவிட்டது.

தனசிங்கு தலையில் அடித்துக்கொண்டான். "நான்தான் கொன்னேன். அளவா காட்டியிருக்கணும். கண்மூடித்தனமா குடிக்க விட்டுட்டேனே" என்று ஆண்பிள்ளை வாய்விட்டு அழுதான். ஊரும் அதையே பிடித்துக்கொண்டது. தன் குதிரையைக் காப்பாற்றிக்கொண்டு அடுத்தவன் குதிரையைக் கொன்றுவிட்டான் என்று டீக்கடையில் பேசினார்கள். படுத்த படுக்கையாகக் கிடக்கிறவன் சொத்தை அழித்தான் என்று சொல்ல நாலு பேர் எப்போதும் இருப்பார்கள்.

லில்லியைப் புதைத்த மறுநாள் தனசிங்கு சவுரிமுத்துவின் கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து தரையில் உட்கார்ந்தான்.

"மச்சான், இனிமே ஜானியில பாதி உன்னுது. எங்கயாவது கடன உடன வாங்கி இன்னொரு வெள்ளைக்கு வழி பண்றேன். அது வரைக்கும் ஜானிய ஒத்தக் குதிரையா மொட்ட வண்டியில பூட்டி ஓட்டுவோம். வேலையிலயும் பாதிப் பாதி. என் தப்புக்கு வேற என்ன செய்யறதுன்னு தெரியல."

சவுரிமுத்து அவன் கையைப் பிடித்துக்கொண்டான். இரண்டு பேரும் அழுதார்கள். அத்தனை வருஷத்தில் அவர்கள் அப்படிப் பேசி நான் பார்த்ததில்லை. அவன் போனதும் சவுரிமுத்துவின் முகத்தில் ஒரு வெளிச்சம். "பார்த்தியா மேரி, தனசிங்கு மனுசன். நான்தான் அவன தப்பா நெனச்சிகினு கெடந்தேன்" என்று வந்தவரிடமெல்லாம் சொன்னான். அன்றைக்கு ஒரு கவளம் அதிகம் சாப்பிட்டான்.

செல்வமேரி தன் சோற்றை அப்படியே மூடி வைத்தாள். சாமியாரிடம் போய், செய்ததைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்தாள். அவர் செபம் சொல்லச் சொன்னார். சொன்னாள். தபீதாள் வழியில் பார்த்து, "இவர் சாப்பிடறதே இல்ல அக்கா. ஜானிகிட்ட போகவே பயப்படறாரு" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். செபம் அதற்கு மேல் தாங்கவில்லை. அந்த வாரக் கடைசியில், சனிக்கிழமை, நேரே தனசிங்கு வீட்டுக்குப் போனாள். நடந்ததை எல்லாம் சொன்னாள். தொட்டியை நிரப்பச் சொன்ன புருஷன், நிரப்பாத தான், வீட்டில் இருந்த குடம், ஊறாத கொள்ளு, எதையும் விடவில்லை.

"உங்க மேல தப்பு இல்லண்ணா. நான்தான். நீங்க கஷ்டப்படணும்னு நெனச்சேன். லில்லிய நெனைக்கல."

தபீதாள்தான் முதலில் வாயைத் திறந்தாள். "அடிப்பாவி! வாயில்லா ஜீவன தண்ணியில்லாம நிக்கவெச்சிட்டு, இத்தன நாளா இவரச் சாகடிச்சியே!"

"சும்மா இரு தபீ" என்றான் தனசிங்கு. பிறகு கேட்டான். "பூசை விட்டு வந்ததும் உன் தண்ணி வாரம் முடிஞ்சுது. சரியா?"

"சரிண்ணா."

"தீனிய நேரத்துக்குப் போட்ட. ரெண்டுக்கும் சமமாப் போட்ட."

"போட்டேன்."

"அப்ப முறைப்படி உன் மேல தப்பு இல்லம்மா. நான் வந்ததும் தண்ணி காட்டினேன். என் மேலயும் தப்பு இல்ல." அவன் குரலில் கோபமே இல்லை. கோபம் இருந்திருந்தால் நான் காலில் விழுந்திருப்பேன் அக்கா என்று பிறகு என்னிடம் சொன்னாள் செல்வமேரி. "தப்புன்னு நெனச்சுத்தான் ஜானியில பாதி குடுத்தேன். இப்ப தப்பே இல்லன்னு ஆயிடுச்சு. செத்தது உங்க குதிர. இருக்கறது என் குதிர. தாம்பரத்துல ஒருத்தன் ஜோடிக்கு வெள்ளக் குதிர கேட்டுக்கிட்டே இருக்கான். நாளைக்கு ஜானிய அங்க ஓட்டிட்டுப் போயிடறேன். மச்சான்கிட்ட நானே வந்து சொல்லவா, நீ சொல்றியா?"

"நானே சொல்றேன்" என்றாள்.

அவள் திரும்பி வந்தபோது சவுரிமுத்து தலையணையை முதுகுக்கு அண்டக்கொடுத்து பாதி உட்கார்ந்தபடி இருந்தான். பக்கத்து வீட்டு ஆளைக் கூப்பிட்டு உட்காரவைக்கச் சொன்னானாம். அடிபட்ட பிறகு முதல் தடவை.

"வா, வா. பார்த்தியா, குந்திகினு கீறேன். சீக்கிரம் நடந்துடுவேன் மேரி. நாளைக்கி ஞாயித்துக்கிழம. நம்ம ஜானிக்கி நாளையிலேருந்து இன்னா வாரம் நமக்கு?"

அவள் அவனைப் பார்த்தாள். சொல்லிவிடுவதற்குத்தான் வாயைத் திறந்தாள்.

"தண்ணி" என்றாள்.

குடத்தை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். அடிபம்பில் வரிசை நீளமாக இருந்தது. நானும் நின்றிருந்தேன். அன்றைக்கு அவள் குடத்தைத் திட்டவில்லை. வரிசையில் பின்னால் நின்ற ஒருத்தி, விவரம் தெரியாதவள், அவளைச் சீண்டினாள்.

"இன்னா மேரிக்கா, இனிமே ஒத்தக் குதிரதானே. பாதித் தண்ணி போதும், எங்களுக்கும் கொஞ்சம் வுடு."

"பாதிகூட வேணாம்" என்றாள் செல்வமேரி.

அப்படிச் சொன்னவள் வரிசையை விட்டு நகரவில்லை. அவள் முறை வந்ததும் குடத்தை வைத்து அடிக்க ஆரம்பித்தாள்.